கடைசி இரண்டு இடம்: டிஃபென்சிவ் பேக்குகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டது இது: "ஆகஸ்ட் கடைசியில் என்எஃப்எல் அணிகள் 90 பேரை 53 ஆகக் குறைக்கின்றன. ப்ரீசீசன் (பருவம் தொடங்கும் முன் நடக்கும் பயிற்சி) ஆட்டங்களில் இரண்டு முறை பந்தைப் பறித்த கார்னரை அனுப்பிவிட்டார்கள். பெயரே காதில் விழாத ஒருவரை வைத்துக்கொண்டார்கள். எதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்?"

சுருக்கமாகச் சொன்னால், முதல் ஏழெட்டு பேர் தாமாகவே தேர்வாகிவிடுவார்கள். முகாம் தொடங்கும்போதே அவர்கள் பெயர் எல்லோருக்கும் தெரியும். அடிதடி எல்லாம் கடைசி இரண்டு இடத்துக்குத்தான். அங்கே கோச்சுகள் கேட்கும் கேள்வி "யார் நல்ல கார்னர்?" என்பதாக இருப்பது அபூர்வம். "அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எந்த வேலைக்கு ஆள் இல்லாமல் திண்டாடுவோம்?" என்பதுதான் கேள்வி. உங்கள் நண்பன் வேலைக்குப் போகாமல் இருந்துவிட்டால் யாரும் கவனிக்காத அலுவலகமும் உண்டு, தேநீர் கொண்டுவருபவர் ஒரு நாள் வராவிட்டால் ஸ்தம்பித்துப் போகிற அலுவலகமும் உண்டு இல்லையா, அந்த மாதிரி.

புதியவர்களுக்காக அடிப்படையை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். எதிரணியின் குவார்ட்டர்பேக் பந்தை வீசும்போது அதைப் பிடிக்க ஓடுபவர் ரிசீவர். அவரைத் துரத்தும் பின்வரிசைக்காரர்கள் எல்லோருக்கும் பொதுப்பெயர் டிஃபென்சிவ் பேக். இரு விளிம்புகளிலும் நிற்பவர்கள் கார்னர்கள். ஆழத்தில், நடுவில் காவல் நிற்பவர்கள் சேஃப்டிகள். பழைய கணக்குப்படி இரண்டு கார்னர், இரண்டு சேஃப்டி, மொத்தம் நான்கு. இன்று எதிரணிகள் மூன்று ரிசீவர்களோடுதான் அதிகம் ஆடுகின்றன. அதனால் ஒரு லைன்பேக்கரை (நடுவரிசைத் தற்காப்பு வீரரை) கழற்றிவிட்டு ஐந்தாவதாக ஒரு டிஃபென்சிவ் பேக்கை இறக்குகிறார்கள். இந்த அமைப்புக்குப் பெயர் நிக்கல். பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்னாப்; ஸ்னாப்களில் பாதிக்கு மேல் இப்போது நிக்கலில்தான் நடக்கின்றன. பட்டியலில் தொடக்க வீரர்கள் நான்கு பேர் என்று போட்டிருந்தாலும் முழுநேர வேலை பார்ப்பது ஐந்து பேர்.

அந்த ஐந்தாவது ஆளைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்லாட்டில், அதாவது உள்பக்கம், ஆடும் கார்னரின் வேலை விளிம்புக் கார்னரின் வேலையே கிடையாது. விளிம்பில் நிற்பவருக்குக் கோடு துணை. ரிசீவர் அந்தப் பக்கம் போனால் வெளியே போய்விடுவார். உள்ளே நிற்பவருக்கு அந்தத் துணை இல்லை. ரிசீவர் இடதுபக்கமும் போகலாம், வலதுபக்கமும் போகலாம். போதாக்குறைக்கு ஓட்ட ஆட்டத்தில் 220 பவுண்டு ஆளை மடக்க வேண்டும், சில சமயம் குவார்ட்டர்பேக் மேலேயே பாய வேண்டும். ஆகவே "எங்களிடம் ஆறு கார்னர் இருக்கிறார்கள்" என்று ஓர் அணி சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது, அதில் எத்தனை பேர் உள்ளே ஆடுவார்கள் என்பதை. ஆறு பேருமே விளிம்புக்காரர்கள் என்றால், உள்ளே ஆடுபவருக்கு முழங்கால் போன அன்றைக்கு அந்த அணியிடம் இருப்பது பூஜ்யம் கார்னர்.

கிறிஸ் ஹாரிஸ் ஜூனியர் 2011இல் டென்வருக்கு வந்தபோது டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) அவரை ஓர் அணியும் தொடவில்லை. உயரமும் கிடையாது. உள்ளே ஆடத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். 2016இல் அவர் ஆல்-ப்ரோ முதல் அணியில், அதாவது லீகில் அந்த வருடத்தின் மிகச் சிறந்தவர்கள் பட்டியலில், இருந்தார்.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். 53 பேரில் கிட்டத்தட்ட 25 தாக்குதல், 25 தற்காப்பு, மூன்று உதைக்காரர்கள். தற்காப்பின் 25இல் டிஃபென்சிவ் பேக்குகளுக்கு ஒன்பது முதல் பதினொன்று வரை கிடைக்கும், வழக்கமாகப் பத்து. ஐந்து கார்னர், நான்கு சேஃப்டி, அப்புறம் இரண்டிலும் ஆடக்கூடிய ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகாமுக்கு வந்திருப்பவர்கள் பதினைந்து பதினாறு பேர். எட்டு இடம் உறுதி. ஆக மீதி இரண்டு இடத்துக்கு ஏழெட்டு பேர் மோதுகிறார்கள்.

இன்னொரு எண்ணும் முக்கியம். 53 பேரும் ஆட்டத்தன்று உடை மாற்றிக் களமிறங்க முடியாது. தாக்குதல் வரிசைக்காரர்கள் எட்டுப் பேரைச் சேர்த்தால் அதிகபட்சம் 48 பேர். ஆகவே பத்தாவது டிஃபென்சிவ் பேக்குக்கு அன்றைக்கு உடை கொடுக்க வேண்டுமானால் அவர் எதாவது ஒரு வேலையைச் செய்தாக வேண்டும். தொடக்க ஐவர் நன்றாக இருக்கும்வரை அவருக்குத் தற்காப்பில் ஒரு ஸ்னாப்கூடக் கிடைக்காது. அப்படியானால் வேறு என்ன வேலை?

ஸ்பெஷல் டீம்ஸ். உதை ஆட்டங்கள். டிவியில் இந்த நேரத்தில்தான் நாம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவோம்.

ஒருமுறை ஓர் அணியின் முகாமில் கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்று காலை முழுக்கப் பார்த்தேன். கூட்டம் மொத்தமும் குவார்ட்டர்பேக் பக்கம் திரும்பி நின்றது. மைதானத்தின் மறுகோடியில், விளிம்புக் கோட்டை ஒட்டி, ஒருவரை இரண்டு பேர் மறித்து நின்றார்கள். விசில். நடுவில் நின்றவர் ஒரு தோளைத் தாழ்த்தினார், ஒரு கையைத் தட்டிவிட்டார், கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்டார், உடனே உள்ளே பாய்ந்து ஓடினார். நாற்பது கெஜம். திரும்பி நடந்து வந்து, முழங்காலில் கைவைத்து இரண்டு மூச்சு வாங்கினார். மறுபடி விசில். இப்படி ஆறு தடவை. பக்கத்தில் நின்ற கோச் ஒவ்வொரு தடவையும் அட்டையில் எதையோ குறித்துக்கொண்டார். அன்றைக்கு அந்த மைதானத்தில் வேலைக்கான நேர்காணல் நடந்தது அந்த மூலையில்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

நடுவில் நின்றவர் கன்னர். முன்னேற முடியாத அணி பந்தை உதைத்து எதிரணியிடம் விடுவது பன்ட். அப்போது பந்து நாலரை நொடிக்குள் காற்றில் 45 கெஜம் பறந்து இறங்கும். அதே நேரத்தில் கன்னர் அங்கே போய்ச் சேர்ந்து, பிடிப்பவரைச் சாய்க்க வேண்டும். மறித்த இருவர் ஜாமர்கள். இந்த இரண்டு வேலைக்கும் கார்னர்களைத் தேடிப் போவதற்குக் காரணம் வேகம் மட்டும் கிடையாது. கோட்டிலேயே ரிசீவரின் நெஞ்சில் கைவைத்து நிறுத்துகிற கைவேலைதான் கன்னரை நிறுத்துகிற கைவேலையும். அதைக் கற்றவர் இதையும் பாதி கற்றவர். சேஃப்டிகளுக்கு வேறு வேலைகள்: பன்டரின் முன்னால் நின்று தடுப்பு வரிசையை ஒழுங்கு செய்வது, கிக்ஆஃபில் (ஆட்டத்தைத் தொடங்கும் உதையில்) ஓடிப்போய் மடக்குவது. கிக்ஆஃப், கிக்ஆஃப் திருப்பம், பன்ட், பன்ட் திருப்பம் என நான்கு அணிகளிலும் ஆடுகிறவரைக் கழற்றிவிட்டால் நான்கு ஓட்டை விழும். அவருக்குப் பதில் வருபவர் மூன்றிலாவது ஆட வேண்டும். கடைசி இடத்துக்கான உண்மையான தேர்வுத்தாள் இதுதான்.

இந்த வேலையை மட்டும் செய்தே ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நேட் எப்னர் சாட்சி. அடிப்படையில் ரக்பிக்காரர். ஒஹையோ ஸ்டேட்டில் உதவித்தொகை இல்லாமல், தானாகப் போய்ச் சேர்ந்து ஆடியவர். 2012இல் பேட்ரியட்ஸ் அவரை ஆறாவது சுற்றில் எடுத்தார்கள். பட்டியலில் "சேஃப்டி" என்று போட்டிருந்தாலும் சேஃப்டியாக அவரைப் பார்த்தது அபூர்வம். உதை ஆட்டங்களில் மட்டும் ஆடியே மூன்று சூப்பர் பவுல் (லீகின் இறுதி ஆட்டம்) பட்டம். நடுவில் 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ரக்பி செவன்ஸ் ஆடிவிட்டு வந்தார். இப்படிப்பட்டவருக்கு ஓர் இடம் ஒதுக்குவது ஆடம்பரம் என்று சொல்லும் ரசிகர்கள் நிறைய. நான் அந்தக் கட்சி இல்லை.

2024இல் வந்த புதிய கிக்ஆஃப் விதி இந்தக் கணக்கை மறுபடி கலைத்துப் போட்டது. முன்பு உதைக்கும் அணி தன் பக்கத்திலிருந்து முழு வேகத்தில் ஓடிவரும். இப்போது உதைப்பவரைத் தவிர மற்ற பத்துப் பேரும் எதிரணியின் 40 கெஜக் கோட்டிலேயே நிற்கிறார்கள். பந்து தரையைத் தொடும்வரை அல்லது பிடிக்கப்படும்வரை அசையக்கூடாது. 2023இல் கிக்ஆஃப்களில் ஏறத்தாழ 22 சதவீதம்தான் திருப்பி ஓடப்பட்டன. 2024இல் அது 33 சதவீதத்தை ஒட்டி வந்தது. 2025இல் டச்பேக்குக்கு, அதாவது பந்து கடைக்கோடி எல்லைப் பகுதிக்குள் போய்த் திருப்பி ஓடப்படாதபோது, எதிரணி பெறும் இடத்தை 35 கெஜக் கோட்டுக்கு நகர்த்தியதும் பெரும்பாலான கிக்ஆஃப்கள் திருப்பி ஓடப்படத் தொடங்கின. இதனால் வெறும் நேர்க்கோட்டு ஓட்டக்காரருக்கு மதிப்புக் குறைந்தது. பத்து கெஜ நெரிசலுக்குள் தடுப்பை உதறிவிட்டு ஆளை மடக்கத் தெரிந்தவருக்கு மதிப்பு ஏறியது. என் கணிப்பில், கடைசி இடத்துக்கு ஒல்லியான ஆறாவது கார்னரும் கனமான ஐந்தாவது சேஃப்டியும் மோதினால் இன்று சேஃப்டி பக்கம் தராசு சாய்கிறது. ஐந்து வருடம் முன்பு நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

"அப்படியானால் பத்தாவது ஆளுக்குத் தற்காப்பு ஆடவே தெரிய வேண்டாமா?" என்று கேட்கத் தோன்றும். தெரிய வேண்டும். ஏன் என்பதற்கு ஓர் ஆட்டம் போதும். 2015 பிப்ரவரி 1, அரிசோனாவின் கிளென்டேல், 49ஆவது சூப்பர் பவுல். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் எதிர் சியாட்டில் சீஹாக்ஸ். எல்லோரும் கடைசி நிமிடத்தை மட்டும் நினைவு வைத்திருக்கிறார்கள். முதல் கால்பகுதியையும் சேர்த்துப் பாருங்கள்.

சியாட்டிலின் பின்வரிசைதான் அன்றைக்கு லீகிலேயே பயங்கரமானது. லீஜன் ஆஃப் பூம் என்று பெயர். எர்ல் தாமஸ் முதல் சுற்றுத் தேர்வு. ரிச்சர்ட் ஷெர்மனும் கேம் சான்சலரும் ஐந்தாவது சுற்றில் வந்தவர்கள். உள்பக்கக் கார்னர் ஜெரமி லேன். முதல் கால்பகுதியில் லேன் பேட்ரியட்ஸ் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் பந்தைப் பறித்தார், ஓடினார், ரிசீவர் எடல்மன் மடக்கினார், விழுந்த வேகத்தில் லேனின் கை முறிந்தது. ஆட்டத்தின் மிகச் சிறந்த தருணமும் மிகப் பெரிய நஷ்டமும் ஒரே ஓட்டத்தில். அவருக்குப் பதில் தரோல்ட் சைமன் வந்தார். பிரேடி அவரைத் தேட ஆரம்பித்தார். பேட்ரியட்ஸ் ரிசீவர் லாஃபெல் பிடித்த டச்டவுன் (கோல் கோட்டைத் தாண்டிப் பெறும் ஆறு புள்ளி) சைமனைத் தாண்டி. இரண்டு நிமிடம் மிச்சமிருக்கையில் எடல்மன் பிடித்து முன்னிலை வாங்கிய டச்டவுனும் சைமனைத் தாண்டி. ஷெர்மன் பக்கம் வீச வேண்டிய அவசியமே பிரேடிக்கு இல்லை. பின்வரிசையில் வலுக்குறைந்த ஒருவர் இருந்தால் நல்ல குவார்ட்டர்பேக்குக்கு அந்த ஒருவர் போதும்.

இப்போது எதிர்ப்பக்கம். மால்கம் பட்லர், வெஸ்ட் அலபாமா என்ற சின்னக் கல்லூரி. டிராஃப்டில் எடுக்கப்படவில்லை. 2014 மே மாதம் பேட்ரியட்ஸின் புதுமுக முகாமுக்கு ஒப்பந்தம்கூட இல்லாமல், சும்மா ஆடிக் காட்ட வந்தார். அந்த அணியில் அந்த வருடம் டாரெல் ரெவிஸ், பிராண்டன் பிரவுனர், கைல் ஆரிங்டன், லோகன் ரயன் என்று கார்னர்களுக்குப் பஞ்சமே இல்லை. பிரவுனருக்கு முதல் நான்கு ஆட்டங்கள் தடை. தடையில் இருப்பவர் 53இல் சேரமாட்டார் என்பதையும் கவனியுங்கள். ஆகஸ்ட் முடிவில் பட்லர் 53இல் இருந்தார். வருடம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆடினார்.

சூப்பர் பவுல் முதல் பாதியில் சியாட்டிலின் கிறிஸ் மேத்யூஸ் என்ற உயரமான ரிசீவர், அதுவரை என்எஃப்எல்லில் ஒரு பந்துகூடப் பிடிக்காதவர், ஆரிங்டன் தலைக்கு மேல் 44 கெஜப் பந்தைப் பிடித்தார். பாதி முடிவதற்குள் ஒரு டச்டவுனும் பிடித்தார். மூன்றாம் கால்பகுதியில் ஆறடி நாலங்குல பிரவுனரை மேத்யூஸ் மேல் போட்டார்கள். ஆரிங்டனின் இடத்துக்குப் பட்லர் உள்ளே வந்தார். மேத்யூஸ் அப்புறம் அவ்வளவாகத் தலைகாட்டவில்லை.

கடைசி நிமிடம். பேட்ரியட்ஸ் 28, சியாட்டில் 24. சியாட்டில் ரிசீவர் கியர்ஸ் விழுந்து கிடந்தபடியே, காலிலும் கையிலும் பட்டுத் துள்ளிய பந்தைப் பிடித்தாரே, அப்போது பக்கத்தில் இருந்ததும் பட்லர்தான். சரியாகவே காவல் காத்தார், ஆனாலும் பந்து கியர்ஸ் கைக்குப் போனது. அடுத்த ஸ்னாப்பில் சியாட்டிலின் மார்ஷான் லிஞ்ச் ஓடி, பந்தைக் கோல் கோட்டுக்கு ஒரு கெஜம் வரை கொண்டுவந்துவிட்டார். பேட்ரியட்ஸ் மூன்று கார்னர்களை இறக்கும் கோல்-லைன் அமைப்பைக் கூப்பிட்டார்கள். பட்லரை உள்ளே போகச் சொல்லிக் கத்தினார்கள். வலதுபக்கம் இரண்டு ரிசீவர் ஒருவர் பின் ஒருவர்: முன்னால் கியர்ஸ், பின்னால் லாக்கெட். சூப்பர் பவுலுக்கு முந்தைய பயிற்சியில் இதே நகர்வை எதிரணி மாதிரி ஆடிக் காட்டியபோது பட்லர் ஏமாந்திருந்தார். இந்தத் தடவை பிரவுனர் முன்னால் நின்ற கியர்ஸை நெஞ்சோடு பிடித்து அப்படியே நிறுத்தினார். கியர்ஸ் நகர்ந்தால்தான் பட்லரின் வழி அடைபடும். நகரவில்லை. பட்லர் லாக்கெட்டுக்கு முன்னால் புகுந்து பறித்தார். கடிகாரத்தில் 20 நொடி.

ஒரே ஆட்டம். ஒரு பக்கம் அடுத்த நிலைக் கார்னர் இரண்டு டச்டவுன் கொடுத்தார், மறுபக்கம் அடுத்த நிலைக் கார்னர் பட்டத்தைப் பறித்துக் கொடுத்தார். ஆகஸ்டில் அந்த இடத்துக்கான விவாதம் பத்திரிகையில் நாலு வரிகூடப் பெற்றிருக்காது.

இதை ஒற்றைச் சம்பவம் என்று தள்ள முடியாது. 2022இல் பஃபலோ பில்ஸைப் பாருங்கள். முதன்மைக் கார்னர் ட்ரெடேவியஸ் வைட் முழங்கால் காயத்தோடு வருடத்தைத் தொடங்கினார். இரண்டாவது வாரத்தில் சேஃப்டி மைக்கா ஹைடுக்கும் கார்னர் டேன் ஜாக்சனுக்கும் கழுத்தில் அடி. மூன்றாவது வாரம் மயாமியில் சேஃப்டி ஜோர்டன் பாயரும் இல்லை. தொடங்கியவர்கள் டமார் ஹாம்லின், ஜக்வான் ஜான்சன், புதுமுகங்கள் கையர் எலாமும் கிறிஸ்டியன் பென்ஃபர்டும். அந்த ஆட்டத்திலேயே பென்ஃபர்டின் கை முறிந்தது. 21-19 என்று தோற்றார்கள். மூன்று வாரத்துக்குள் பட்டியலின் அடி தெரிந்துவிட்டது. ஆனாலும் அதில் ஆறாவது சுற்றில் வந்த பென்ஃபர்ட் பின்னாளில் அந்த அணியின் முதல் கார்னர் ஆனார்.

இனி, ரசிகர்கள் மறந்துவிடுகிற பாதி: வெளியே அனுப்பினால் என்ன ஆகும்? நான்கு பருவத்துக்குக் குறைவான அனுபவம் உள்ளவரை விடுவித்தால் அவர் வெய்வர்ஸுக்குப் போவார். அதாவது மற்ற 31 அணிகளும் மறுநாள் நண்பகலுக்குள் அவரைக் கேட்கலாம். பலர் கேட்டால் முந்தைய வருடம் மோசமாக ஆடிய அணிக்கு முன்னுரிமை. யாரும் கேட்காவிட்டால் நம் பிராக்டிஸ் ஸ்குவாடில் (53க்கு வெளியே பயிற்சிக்கு வைத்திருக்கும் குழுவில்) சேர்த்துக்கொள்ளலாம். அதில் 16 இடம், வெளிநாட்டு வீரர் என்றால் கூடுதலாக ஒன்று. ஆட்டத்துக்கு இரண்டு பேரை அங்கிருந்து மேலே எடுக்கலாம், ஒருவரை ஒரு பருவத்தில் மூன்று முறை வரை.

இங்கேதான் பந்தைப் பறித்த கார்னரின் கதை புரியும். கேட்கும் அணி அவரை நேராகத் தன் 53இல் வைக்க வேண்டும். அவர்களும் அதே நாளில்தான் தங்கள் 53ஐக் கண்ணீரோடு முடித்திருக்கிறார்கள். 32 அணிகளிலிருந்தும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வருகிறார்கள். கேட்கப்படுபவர்கள் சில டஜன்களைத் தாண்டுவதில்லை. ஆகவே "இவரை விட்டால் நிச்சயம் யாராவது தூக்கிவிடுவார்கள்" என்று ரசிகர்கள் அடித்துச் சொல்பவர்களில் பலர் மறுநாள் மாலை அதே அணியின் பிராக்டிஸ் ஸ்குவாடில் இருப்பார்கள். அந்த வீரருக்கு மட்டும் அது சின்ன வித்தியாசம் இல்லை. 2025 கணக்கில் 53இல் இருக்கும் புதுமுகத்துக்குக் குறைந்தபட்சம் வருடத்துக்கு 8,40,000 டாலர். பிராக்டிஸ் ஸ்குவாடில் வாரத்துக்கு 13,000, அதுவும் அடுத்த வாரம் இருப்போமா என்ற நிச்சயம் இல்லாமல்.

மூத்தவர்களுக்கு நேர்மாறு. நான்கு பருவம் முடித்தவர் வெய்வர்ஸுக்குப் போகமாட்டார், உடனே சுதந்திரம். அதனால் நம்பிக்கையான ஒரு மூத்த சேஃப்டியைக் கூப்பிட்டு, "செவ்வாய் உன்னை விடுவிக்கிறோம், காயப்பட்டவரைக் காயப் பட்டியலுக்கு ஒதுக்கியதும் வியாழன் திரும்பக் கூப்பிடுகிறோம், யாரிடமும் கையெழுத்துப் போட்டுவிடாதே" என்று சொல்வது வழக்கமான தந்திரம். முதல் வாரத்தில் 53இல் இருக்கும் மூத்தவருக்கு வருடச் சம்பளம் ஏறத்தாழ உறுதியாகிவிடும் என்பதால், முதல் ஆட்டம் முடியும்வரை பொறுத்துவிட்டு எடுப்பவர்களும் உண்டு. செவ்வாய்க்கிழமைப் பட்டியலைப் பார்த்து "நான்கு சேஃப்டிதான் வைத்திருக்கிறார்கள், பைத்தியமா?" என்று பதறுபவர்கள் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கலாம். காயம்பட்டவர்களிலும் 2024 முதல் ஒரு தளர்வு வந்தது. பட்டியல் குறைக்கும் நாளிலேயே இரண்டு பேரைப் பின்னர் திரும்பலாம் என்ற குறிப்போடு ஒதுக்கலாம். முன்பெல்லாம் அப்படி ஒருவரைக் காப்பாற்ற, ஒரு நாளாவது 53இல் வைத்தாக வேண்டும்.

மூன்றாவது வழி வியாபாரம். 2018 ஆகஸ்ட் கடைசியில் டல்லாஸிடம் சார்வேரியஸ் வார்ட் என்ற டிராஃப்ட் ஆகாத கார்னர் இருந்தார். ப்ரீசீசனில் நன்றாக ஆடியிருந்தார். ஆனால் அங்கே இடம் இல்லை. சும்மா விடுவதற்குப் பதில் கான்சாஸ் சிட்டிக்குக் கொடுத்துவிட்டு பார்க்கர் எஹிங்கர் என்ற தாக்குதல் வரிசைக்காரரை வாங்கினார்கள். எஹிங்கர் அங்கே நிலைக்கவில்லை. வார்ட் கான்சாஸ் சிட்டியில் தொடக்கக் கார்னராகி சூப்பர் பவுல் வென்றார். 2022இல் பெரிய சம்பளத்துக்கு சான் ஃபிரான்சிஸ்கோ போனார். டல்லாஸைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் ஆகஸ்ட் 30ஆம் தேதி ஆறாவது கார்னராகத் தெரிபவர் மூன்று வருடம் கழித்து என்னவாக இருப்பார் என்பதைச் சொல்ல ஜோசியர்தான் வேண்டும். கான்சாஸ் சிட்டியோ வார்ட் போன அதே வருடம் டிராஃப்டில் ஐந்து டிஃபென்சிவ் பேக்குகளை எடுத்தது. அதில் ஏழாவது சுற்றில் வந்த ஜேலன் வாட்சன், முதல் சுற்றுக்காரர் ட்ரென்ட் மெக்டஃபி காயத்தில் இருந்ததால், இரண்டாவது வாரமே ஆட வேண்டிவந்தது. சார்ஜர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் கோல் கோட்டருகே பந்தைப் பறித்து 99 கெஜம் ஓடினார்.

இதையெல்லாம் வைத்து ஒரு தேர்வு செய்து பார்ப்போம். எட்டுப் பேர் உறுதி, இரண்டு இடம், மூன்று பேர். முதலாமவர் நண்பர் கேட்ட அந்தக் கார்னர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 26 வயது, ப்ரீசீசனில் இரண்டு இன்டர்செப்ஷன், இரண்டுமே நான்காம் கால்பகுதியில், எதிரணியின் மூன்றாம் குவார்ட்டர்பேக் வீசியவை. விளிம்பில் மட்டும் ஆடுவார், பன்ட் அணியில் இல்லை. இரண்டாமவர் நாலாம் வருட சேஃப்டி: வேகம் சுமார், ஆனால் நான்கு உதை அணிகளிலும் முதல் வரிசை, அவசரத்துக்கு உள்ளேயும் நிற்பார். மூன்றாமவர் ஏழாவது சுற்றுப் புதுமுகம்: ஆறடி இரண்டங்குலம், நீண்ட கை, நல்ல ஓட்டம், ஆனால் ரிசீவர் அடுத்தடுத்து இரண்டு முறை திசை மாற்றினால், இவருடைய இடுப்பு திரும்புவதற்குள் போய்விடுகிறார்.

நான் இரண்டாமவரையும் மூன்றாமவரையும் வைத்துக்கொள்வேன். இரண்டாமவர் முதல் ஞாயிற்றுக்கிழமையே இருபது முப்பது உதை ஆட்டத்தில் ஓடுவார். மூன்றாமவர் இந்த வருடம் உதவமாட்டார், ஆனால் உயரமும் கையும் உள்ள 22 வயதுக்காரரைத்தான் வெய்வர்ஸில் மற்ற அணிகள் தூக்குகின்றன. இரண்டு வருடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று எல்லாக் கோச்சுகளும் தங்களை நம்புகிறார்கள். முதலாமவரை விடுவித்து பிராக்டிஸ் ஸ்குவாடுக்கு அழைப்பேன். கொடுமைதான், ஆட்டத்தில் அவர்தான் மூவரிலும் சிறந்த கார்னர். ஆனால் எட்டு பேரில் ஐந்தாவது கார்னர் ஏற்கெனவே விளிம்புக்காரர் என்றால் அவர் செய்யும் ஒரே வேலைக்கு ஆள் இருக்கிறது. அதே ஐந்தாவது கார்னர் தொடைத் தசைப் பிடிப்போடு மூன்று வாரமாகப் பயிற்சிக்கே வரவில்லை என்று சொல்லுங்கள், மூன்றாமவரை வெய்வர்ஸில் பணயம் வைத்து முதலாமவரை எடுத்துவிடுவேன். பக்கத்து இடத்தின் தொடைத் தசை ஒருவருடைய வேலையை முடிவு செய்கிறது. இது அடிக்கடி நடப்பதுதான்.

ஒரே இடத்தில் கோச்சுகளோடு எனக்கு முரண்பாடு உண்டு. மூன்றாவது சுற்றில் எடுத்த கார்னர் இரண்டு வருடமாகத் தேறாவிட்டாலும், எடுத்த சுற்றுக்காக மூன்றாவது வருடமும் வைத்துக்கொள்கிறார்கள். போட்ட காசைக் காப்பாற்றும் எண்ணம். அந்தக் காசு டிராஃப்ட் அன்றைக்கே செலவாகிவிட்டது. டிராஃப்டில் வராத பட்லருக்கும் ஹாரிஸுக்கும் இடம் கிடைத்தது, அந்தக் கணக்கை ஓரமாக வைத்தவர்கள் இருந்ததால்தான்.

அடுத்த ஆகஸ்டில் நண்பர் தானே கணிக்க ஒரு வழி சொல்கிறேன். மூன்று ப்ரீசீசன் ஆட்டங்களில் கடைசி ஆட்டத்துக்கு உடையே மாற்றாமல் தொப்பியோடு நிற்பவர்களை முதலில் கழித்துவிடுங்கள். அவர்கள் வேலை உறுதி. பிறகு இரண்டாவது ஆட்டத்தில் முதல் கால்பகுதியின் முதல் பன்டுக்காகக் காத்திருங்கள். நான்காம் கால்பகுதியின் பன்ட் வேண்டாம், முதல் பன்ட். கேமரா பன்டர் மேல் இருக்கும். நீங்கள் திரையின் இரு ஓரங்களிலும் கோட்டை ஒட்டி நிற்கும் இரண்டு பேரின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பன்டருக்கு முன்னால் நின்று கைகாட்டிக்கொண்டிருப்பவரின் எண்ணையும். மூன்று எண்களில் குறைந்தது இரண்டு டிஃபென்சிவ் பேக்குகளுடையதாக இருக்க வாய்ப்பு உண்டு. செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு, அமெரிக்கக் கிழக்கு நேரம், பட்டியல் வந்ததும் அந்த எண்களைத் தேடிப் பாருங்கள்.